கெட்டிமேளம் நின்ற முகூர்த்தம்

மழைக்காலத்துக் கல்யாணம் என்றாலே எனக்குப் பயம். எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இத்தனை வருடமாகக் கல்யாணங்களில் சாமி பாட்டுப் பாடுகிறேன். இந்தப் பயம் மட்டும் குறையவில்லை. காரணம், எங்கள் தோட்டத்துச் செல்வமணி மகளின் கல்யாணம்.

அந்தப் பிள்ளைக்கு வந்த முதல் சம்பந்தம், சகுனம் சரியில்லை என்று கைவிட்டுப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளை கேகாலைப் பக்கம். முகூர்த்தத்தன்று காலையில், பின்னால் மலை ஊற்றிலிருந்து கோயிலுக்கு வரும் பீலியில் பிடித்த தண்ணீர் சேறாக வந்தது. செல்வமணி குடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டா அவ்வளவுதான். கெட்ட சத்தம் ஒண்ணும் அவங்க காதுல விழக்கூடாது. சத்தமா பாடுங்க. நடுவுல மட்டும் நிப்பாட்டிடாதீங்க."

"நான் என்ன ரேடியோவா, கரண்ட் போனா நிக்கிறதுக்கு?" என்றேன். அவள் குடத்தை இன்னும் இழுத்து மூடினாள்.

தாலி கட்டும்போது சாமி கல்யாணப் பாட்டுத்தான் பாடுவோம். அந்த நேரத்தில் மணவறையில் இருப்பவர்கள் சிவனும் பார்வதியும் என்று அர்த்தம். நடுவில் விட்டால் சாமி கல்யாணத்தையே நிறுத்தியது போலாகும். அழுகை, தும்மல் எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் கெட்டிமேளமும் சேர்கிறது.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மேளம் முழங்கியது. நான் கோயில் மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்கிய நேரத்தில் பின்னால் மலையில் ஏதோ சடக்கென்று முறிந்தது. தரை அதிர்ந்தது. மேளத்தின் அதிர்வுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த அடியைப் பாடினேன். மறுபடியும் முறிந்தது. காலையில் வந்த சேற்றுத் தண்ணீர் நினைவுக்கு வந்தது; மலை சரியுமுன் ஊற்று கலங்கும் என்பார்கள். செல்வமணியைப் பார்த்தேன். இன்னும் சத்தமாக என்று கையைக் காட்டினாள்.

மைக்கை வைத்துவிட்டு மேளக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பாவி! எம்புள்ள வாழ்க்கைய கெடுத்துட்டியே!" என்று செல்வமணி கத்தினாள்.

மேளம் நின்றதும் மலை உறுமுவது எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவந்த வேன் டிரைவர் சிங்களத்தில், "கந்த எனவா! துவன்ன!" என்று அலறினார். மலை வருகிறது, ஓடுங்கள் என்றார். ஓடினோம்.

கீழே பள்ளிக்கூடத்து வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், மணவறை இருந்த இடத்தில் மண்ணும் ரப்பர் மரங்களும் கிடந்தன. எல்லாரும் தப்பி வந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தாலி இன்னும் மாப்பிள்ளை கையிலேயே இருந்தது. செல்வமணி அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா சேற்றுக் காலோடு நேரே என்னிடம் வந்தார்.

"விட்ட எடத்துலருந்து பாடுங்கம்மா. தாலி கட்டணும்ல."

மைக் இல்லை, மேளம் இல்லை. விட்ட அடியிலிருந்து பாடினேன்; மாப்பிள்ளை தாலி கட்டினான். பின்னால் யாரோ விம்மி அழுதது எல்லார் காதிலும் விழுந்தது. யாரும் சகுனம் பார்க்கவில்லை.

பாட வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: சத்தமாகப் பாடுங்கள், காதை அடைத்துக்கொண்டு பாடாதீர்கள். இப்போதெல்லாம் கெட்டிமேளத்துக்கு முன்னால் ஒரு கணம் எல்லாரையும் சத்தம் போடாமல் இருக்கச் சொல்கிறேன். சாமியை நினைக்கச் சொல்கிறேன் என்று எண்ணி அவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். நான் மலைக்குக் காது கொடுக்கிறேன்.