தேசிக்காய் நசுக்காமல் வெளிக்கிட்ட கேரவன்

செவன் ஹில்ஸில் ஒரு கோடவுணில் பதினொரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள் யோகா. ஒரு தொன் சாமானை இரண்டு ஆள் உயரத் தட்டில் மயிரிழை பிசகாமல் ஏற்றி வைப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் போன ஈஸ்டருக்கு காரில் கொளுவி இழுக்கும் ஒரு பதினாறு அடிக் கேரவனைப் பின்னுக்கு எடுத்து, கடற்கரைக் கேரவன் பார்க்கில் அதற்குரிய இடத்தில் விட முடியவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்!

பிழை அவளுடையது மட்டுமில்லை. அவள் கணவர் சச்சிதானந்தன் இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓடிய மனிதர். கண் அழுத்தம் வந்து வலப்பக்கப் பார்வை போய், பிறகு லைசென்சும் போனது. அதனால் ஈஸ்டருக்கு அவள் ஓட்ட, அவர் பின்னால் நின்று கைகாட்டினார். "வா, வா, வரட்டும்" என்ற அவருடைய குரலை நம்பி வந்தவள், தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் கொண்டுபோய் இடித்தாள். கம்பம் நின்றது அவருடைய வலப்பக்கம். அவருக்கு அது தெரியவே இல்லை.

கடைசியில் பக்கத்து இடத்து வெள்ளைக்காரர் ஒருவர் கார்த் திறப்பை வாங்கி இரண்டே நிமிடத்தில் கேரவனை உள்ளே விட்டுத் தந்தார். தாங்க்ஸ் சொல்லிவிட்டு உள்ளே போன சச்சி, மூன்று நாளும் கடலைக்கூடப் பார்க்கவில்லை. வீடு வந்ததும் கேரவனை விற்கப்போவதாகச் சொன்னார். வென்ட்வேர்த்வில் வரதராஜா வாங்கத் தயார். வருகிற திங்கட்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

அது போய்விட்டால் மனிதர் சோபாவை விட்டு எழும்பவே மாட்டார். யோகாவுக்கு அந்தப் பயம் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. "கடைசியா ஒருக்காப் போட்டு வருவம்" என்று ஒற்றைக் காலில் நின்று, வெள்ளிக்கிழமை லீவு போட்டு, அவரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

வொலொங்கோங் தாண்டும்போதுதான் அவர் முன்தட்டைத் திறந்து பார்த்தார். பின்வளவு மரத்தில் பிடுங்கிய நாலு தேசிக்காயும் பையோடு கிடந்தன. வெளிக்கிடும்போது சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கியிருக்க வேண்டியவை.

"நசுக்கேல்லையோ?"

"அவசரத்தில மறந்துபோனன்."

"அப்ப விளங்கினமாதிரித்தான்!"

அதன்பிறகு வழியெல்லாம் அதே புறுபுறுப்பு. லொறி முந்தினால் தேசிக்காய், சிக்னல் சிவந்தால் தேசிக்காய். யோகா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

கேரவன் பார்க்கில் கிடைத்ததோ ஒன்பதாம் இலக்க இடம். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் குழாய்க் கம்பம். எந்த ஊரானாலும் ஒருவர் வாகனம் பின்னுக்கு எடுத்தால் பார்க்க நாலு பேர் சேராமலா இருப்பார்கள்? இங்கேயும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்கள். முதல் தரம் கேரவன் காரோடு மடிந்து நின்றது. இரண்டாம் தரமும் அதே கூத்து. தொப்பி போட்ட ஒருவர் உதவி செய்யவா என்று கேட்டபடி எழும்பி வந்தார்.

"திறப்பைக் குடுத்துவிடும், யோகா." காரை விட்டு இறங்காமலே சொன்னார் சச்சி. குரலில் உயிரில்லை.

யோகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொப்பிக்காரருக்கு "நோ தாங்க்ஸ்" சொல்லிவிட்டு, தேசிக்காய்ப் பையைத் தூக்கிக் கணவரின் மடியில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, இது இன்னும் நசுக்கேல்லைத்தானே? இஞ்ச நசுக்குவம். வலப்பக்கச் சில்லு எதால வரோணுமோ, அதால வரிசையா வையுங்கோ. எனக்குக் கைகாட்ட வேண்டாம். வா, வாவும் வேண்டாம்."

"என்ர கண்ணோட நான் எப்பிடி..."

"கண்ணை ஆர் கேட்டது? காலாலை அளவுங்கோ!"

சச்சி பையோடு மெதுவாக இறங்கினார். குழாய்க் கம்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து அடியடியாக அளந்து, சில்லு வந்து நிற்கவேண்டிய இடத்தில் ஒரு தேசிக்காய் வைத்தார். திரும்பி நடந்து, வளைவுக்கு ஏற்றபடி மற்ற மூன்றையும் வைத்தார். அந்தக் கேரவனின் நீள அகலம் அவருடைய காலுக்குத் தெரியும்.

யோகா ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்தாள்; அப்படிப் பிடித்தால் கை போகிற பக்கமே கேரவனின் பின்பக்கமும் போகும். கோடவுணில் பலகைத்தட்டில் ஃபோர்க் நுழைகிற ஓட்டையை மட்டும் பார்க்கிறவள், இங்கே கண்ணாடியில் மஞ்சள் தேசிக்காயை மட்டும் பார்த்தாள். சில்லுக்குக் கிட்ட இருந்த முதலாவது நசிந்தது. இரண்டாவதிலிருந்து சில்லு ஒரு சாண் தள்ளிப்போயிற்று. பரவாயில்லை என்று முன்னுக்குப் போய், நிமிர்த்தி, திரும்ப வந்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் நசிந்தன.

"நிப்பாட்டும்! நசிஞ்சிட்டுது! நாலும் நசிஞ்சிட்டுது!"

சச்சி கத்தினார். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! கதிரைக்காரர்கள் கைதட்டினார்கள். தேசிக்காய் எதற்கு என்று தொப்பிக்காரர் கேட்க, "ஸ்ரீலங்கன் சிஸ்டம்" என்றார் சச்சி, ஏதோ காப்புரிமை எடுத்தவர் மாதிரி.

யோகா உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தாள். வெளியே அவர் போனில் பேசுவது கேட்டது.

"வரதராஜா, திங்கக்கிழமை வரவேண்டாம் தம்பி. குறை நினையாதையும். கேரவன் விக்கிறேல்லை... ஓம், ஓம், கண் அப்பிடியேதான் இருக்கு. அதுக்கென்ன, ஓட எனக்கு ஆள் இருக்கு."

யோகாவுக்குக் கண் முட்டிவிட்டது. தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோனாள். அவர் அதைப் புறுபுறுக்காமல் குடித்து முடித்தார். பிறகு இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் நடந்தார்.