காத்தாயிக்கு இறக்கிய முடி

செங்கமலத்துக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்பது பூதலூர் ஸ்டேஷன் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். கொல்லையில் நல்ல பாம்பு வந்தால் பக்கத்து வீட்டு ஆம்பிளைகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாத அவளை வளைகாப்புக்கு அழைக்கலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கி நிற்கிற பெண்களிடம், "என்னடி முழிக்கிறீங்க? ஜாக்கெட் தைக்க மட்டும் நான் வேணும், சாப்பிட வேணாமா?" என்று அவளே கேட்டுவிடுவாள். கேட்டபடி போய் முதல் பந்தியில் உட்காரவும் செய்வாள்.

அந்தச் செங்கமலம் நாற்பது தாண்டி, தலையில் நரை விழுந்த பிறகு, பயப்படக் கற்றுக்கொண்டாள். மாதங்கி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து.

மாதங்கியை அவர்களுக்குத் தத்துக் கொடுக்கவில்லை. வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் வேறு வேறு என்று தஞ்சாவூரில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வைத்து நஃபீசா மேடம் பொறுமையாகச் சொன்னார். குழந்தைகளை வீடுகளில் விட்டு, மாதாமாதம் வந்து பார்த்துப் போவது அவர் வேலை.

"புள்ள உங்க வீட்ல இருக்கும். பொறுப்பு எங்ககிட்ட இருக்கும். ரெண்டு வருஷம் நல்லபடியா போகட்டும், அதுக்கப்புறம் நீங்க தத்தெடுக்க மனு போடலாம். கலெக்டர் ஆர்டர் போட்டாத்தான் அது உங்க புள்ள."

தியாகராசன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். அவருக்கு இது உடனே புரிந்துவிட்டது. "காயில் கட்டிட்டு ஓட விட்டுப் பாப்போமே, அந்த மாதிரி. புகையாம ஓடினா டெலிவரி" என்றார் பஸ்ஸில் திரும்பும்போது. செங்கமலம் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான்கு வயதுக் குழந்தையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது பயம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள், எடுக்காமல் இருக்கவும் முடியாது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் மாதங்கியைப் போலவே மேல் உதடு தூக்கிய ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, பெற்றவளோ என்று குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு வேறு பஸ் ஏறியிருக்கிறாள். குழந்தை முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால், மருந்து எடுப்பதற்கு முன்னால் மேடம் வர எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் மனசு கணக்குப் போடும்.

முன்பு இருந்த ஹோமில் பெரியவர்கள் எல்லோரையும் ஆண்ட்டி, அங்கிள் என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். மாதங்கி இங்கேயும் அப்படியே கூப்பிட்டாள். செங்கமலம் மாற்றவில்லை. அம்மா என்று கூப்பிடச் சொல்லி, பிறகு கூட்டிக்கொண்டு போய்விட்டால்? "நீ எங்க புள்ளடி" என்ற வார்த்தையும் அப்படித்தான். தொண்டை வரைக்கும் வரும், ஆர்டர் வரட்டும் என்று விழுங்கிவிடுவாள்.

ஐப்பசி மழையில் மாதங்கிக்கு டெங்கு வந்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம். ஒரு மத்தியானம் குழந்தை கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறக்காமல் கிடந்தபோது, செங்கமலம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தியாகராசனின் குலதெய்வத்திடம் பேரம் பேசினாள். "காத்தாயி, பொழைக்க வெச்சுடு. தை மாசம் உன் வாசல்ல வந்து முடி இறக்கிடறேன்."

குழந்தை பிழைத்து வந்தது. தியாகராசனின் அக்கா தையல்நாயகிக்கு இந்த வேண்டுதல் ரொம்பப் பிடித்துப்போனது. அதுவரைக்கும் மாதங்கியைப் பார்க்க வந்தால் சர்க்கார் பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போகிறவள் அவள்.

"நான் சொல்லணும்னே இருந்தேன். காத்தாயிக்கு முடி இறக்காத புள்ள நம்ம வீட்டுப் புள்ளைன்னு எப்படிச் சொல்றது? தாய்மாமன் மடியில ஒக்காத்தி வெச்சு இறக்கிடு. அப்புறம் எந்தக் கலெக்டரு வந்து கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

"கலெக்டர் உங்ககிட்ட எதுக்கு அண்ணி வரப் போறாரு?"

"வந்தாருன்னா சொல்றேங்கறேன்."

அறுப்பு முடிந்த கையோடு, திருவையாறு தாண்டி வாய்க்கால் கரையிலிருந்த கோயிலுக்கு வேன் வைத்துக்கொண்டு போனார்கள். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்ததால் வேன் மெதுவாகத்தான் போனது. குத்தாலத்திலிருந்து செங்கமலத்தின் தம்பி சிங்காரவேலு புதுப் பாவாடை சட்டையும் மாலையுமாக வந்திருந்தான். சப்பணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமன் மடியில மூச்சா போயிடாதே ஆத்தா, புது வேட்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மாதங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எல்லா முடியும் எடுப்பாங்களா ஆண்ட்டி?"

"ஆமாண்டி கண்ணு. எல்லாம்தான். சாமிக்கு."

"சரி ஆண்ட்டி."

அதற்குப் பிறகு அழவில்லை, அசையவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கழுத்தைத் தானாகவே சாய்த்துக் கொடுத்தது. முடி இறக்குகிறவரே ஆச்சரியப்பட்டார். "இவ்ளோ சமத்தா ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல." தையல்நாயகி சந்தனத்தைக் குழைத்து மொட்டையில் அப்பி, முதல் தடவையாகக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அதைப் பார்த்துச் செங்கமலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு அன்று பொங்கல் பொங்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவுகிற வரைக்கும் அவளுக்குப் பயம் என்ற நினைப்பே வரவில்லை.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் மாதங்கி படியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் ஒரு துணிப்பை, செங்கமலம் வெட்டுத்துணி போட்டு வைக்கிற பை. துணிகளைக் கொட்டிவிட்டுத் தன்னுடைய கவுன்களையும் பள்ளிக்கூடச் சட்டையையும் டூத் பிரஷ்ஷையும் அதில் அடுக்கி வைத்திருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"சும்மா ஆண்ட்டி."

செங்கமலம் வாளியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமானதும் மாதங்கி பையிலிருந்து சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, கழற்றி, மடித்து, மறுபடி பையில் வைத்தாள். அடுத்த நாளும் படியில்தான் இருந்தாள்.

"வெளையாடுதுடி. டீச்சர் வெளையாட்டு, டாக்டர் வெளையாட்டு மாதிரி ஊருக்குப் போற வெளையாட்டு" என்றார் தியாகராசன்.

"வெளையாடற புள்ள சிரிக்கும்ங்க."

"அப்ப கேட்டுத்தான் பாரேன், எங்க போறேன்னு."

கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. பெற்றவள் ஞாபகம் வந்துவிட்டது, அவளைத் தேடித்தான் இது கிளம்புகிறது என்று செங்கமலம் தனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டாள். சாமி வாசலில் உட்கார்த்தி வைத்து நம்ம பிள்ளை என்று ஊருக்குச் சொன்னோம். சாமி அதன் மனசைத் திறந்துவிட்டது, அங்கே நாம் இல்லை. தைக்கிற ஜாக்கெட்டில் கை மாற்றி வைத்தாள், பிரித்தாள், மறுபடியும் மாற்றி வைத்தாள்.

நஃபீசா மேடம் வருகிற நாளும் நெருங்கியது. இரண்டு வருஷம் முடியப் போவதால் இந்தத் தடவை சும்மா பார்த்துப் போக இல்லை. அவர் எழுதிக் கொடுக்கிறதை வைத்துத்தான் தத்தெடுக்கும் மனு கலெக்டருக்குப் போக வேண்டும். அப்போதுதான் செங்கமலத்துக்கு இன்னொன்று உறைத்தது. மொட்டை போட அவரிடம் கேட்கவேயில்லை. உட்கார்ந்து பூப் போட்ட துணியில் ஒரு குல்லா தைத்தாள்.

"மொட்டையை எப்படிடி மறைப்ப? அது என்ன, ஒளிச்சு வெக்க மூட்டை நெல்லா?" என்றார் தியாகராசன். சொன்ன குரலில் அவருக்கும் சுருதி இறங்கித்தான் இருந்தது.

ஸ்கூட்டர் வந்து நின்றதும் மாதங்கி குல்லாவோடும் பையோடும் எழுந்து வாசலுக்குப் போனாள். மேடம் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"வேன் வரலையா மேடம்?"

"எந்த வேன் செல்லம்?"

"என்னைக் கூட்டிட்டுப் போற வேன்."

மேடம் குல்லாவை மெல்லத் தூக்கிப் பார்த்தார். பையைப் பார்த்தார். கடைசியில் செங்கமலத்தைப் பார்த்தார். "முடி எப்ப எடுத்தீங்க?"

"குலதெய்வத்துக்கு மேடம். காய்ச்சல்ல நேந்துக்கிட்டேன். பொழச்சதே..."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கணும்னு தோணல மேடம்." குழந்தையின் குல்லாவைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டாள். "எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாத்துக்கும் இறக்கறதுதான். அந்த நேரத்துல இது வேறன்னு தோணவே இல்ல."

மேடம் குழந்தையைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துணி துவைக்கிற கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. கேஸை மூட வேண்டும் என்று தோன்றாமல் செங்கமலம் நின்றாள். தியாகராசன்தான் வந்து மூடினார். "இப்பவே கூட்டிட்டுப் போயிடுவாங்களோ?" என்று அவரிடம் கேட்டாள். அவர் சிந்தின பாலைத் துடைத்தார்.

மேடம் தனியாகத் திரும்பி வந்தார்.

"இவள ரயில்வே ஸ்டேஷன்ல கண்டெடுத்தப்ப தலை பூரா பேன். மொட்டை போட்டுத்தான் ஹோமுக்கு அனுப்பியிருக்காங்க. அங்கேருந்து வேற ஹோமுக்கு மாத்தினப்பவும் அதே மாதிரி. மொட்டை போட்டா மறுநாள் வேன் வரும், அவளுக்குத் தெரிஞ்சது அதுதான். நீங்க அவள அனுப்பப் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

செங்கமலம் ஜன்னல் வழியாகக் கல்லில் தனியாகத் தெரிந்த குல்லாவைப் பார்த்தாள். "அழவே இல்லையே மேடம். எல்லாரும் சமத்துன்னாங்க."

"அழுதா யாராவது நிறுத்தியிருந்தா, அழப் பழகியிருப்பா."

"இல்லேன்னு நீங்க சொல்லிட்டீங்கள்ல?"

"சொன்னேன். வேனைக் கொண்டுவர்ற ஆளே நான்தானேங்க. எப்படி நம்புவா? நீங்க இதுவரைக்கும் என்ன சொல்லி வெச்சிருக்கீங்க அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் செங்கமலம். "ஆர்டர் வரட்டும்னு இருந்தேன். சொல்லிட்டு, அப்புறம் பொய்யாயிடுச்சுன்னா?"

மேடம் ஃபைலைத் திறந்தார். "நான் பாத்ததை எழுதித்தான் ஆகணும். அடுத்த மாசம் மறுபடி வர்றேன். அவ இதே மாதிரி பையோட ஒக்காந்திருந்தா மனுவை மேல அனுப்ப முடியாது." டீயை வேண்டாம் என்று சொல்லவில்லை. நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

மாதங்கி படிக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்கூட்டர் போன திசையையே பார்த்தாள். செங்கமலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேன் வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அது அவள் கையில் இல்லை. பிள்ளைக்கும் அது தெரியும்.

"வேன் வருமா, வராதான்னு எனக்குத் தெரியாதுடி" என்றாள். "நான் கூப்பிடல. கூப்பிடவும் மாட்டேன். அப்படியே வந்துச்சுன்னா நானும் ஏறிடுவேன்."

மாதங்கி திரும்பிப் பார்த்தாள். "பெரியவங்கள ஏத்த மாட்டாங்க."

"ஏத்தாம என்ன? மல்லுக்கட்டி ஏறுவேன்."

"உங்களுக்கும் மொட்டை போடுவாங்க."

"போடட்டும்."

"அங்கிளுக்கு?"

"அவருக்கு அங்க எடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

பின்னால் நிலைப்படியில் நின்ற தியாகராசன் தலையைத் தடவிக்கொண்டார். மாதங்கி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பையைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"வர்றேங்கறீங்க. உங்க துணி இதுல இல்லையே."

செங்கமலம் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். கைக்கு வந்த இரண்டு புடவையையும் பாவாடையையும் எடுத்து வந்து பையில் திணித்தாள். "என் லுங்கியை யாரு எடுத்து வெக்கறது?" என்று தியாகராசன் கேட்டார். அவரே போய் எடுத்து வந்தார். பை வாய் மூடவில்லை.

மாதங்கி பையைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு கையாலும் பையின் காதைப் பிடித்து இழுத்து, நிலைப்படியைத் தாண்ட முடியாமல் நின்று, "ஒரு கை பிடிங்க ஆண்ட்டி" என்றாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கூடத்து மூலையில் வைத்தார்கள்.

பிறகு குழந்தை தெருவில் விளையாடப் போனது. போகும்போது குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனது. மேடம் மறுபடி வர ஒரு மாசம் இருந்தது. செங்கமலம் மெஷினில் உட்கார்ந்து, பிரித்துப் போட்டிருந்த ஜாக்கெட் கையை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்க வெகு நேரம் ஆயிற்று.