குளத்து நடுவில் நின்ற சிலுவை

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டுமென்றால் பிறிஜெற்றிடந்தான் போவார்கள். போன வருடம் தொடக்கம் அவளுடைய தையல் மெசின் பெரும்பாலும் மூடியே கிடந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஊசிக்கு நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டு ஷிம்னாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒப்பரேசன் செய்தால் பார்வை வரும், ஆனால் இரத்தத்தில் சீனி இறங்கினால்தான் செய்யலாம் என்று கண் டொக்டர் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். தினமும் நடக்கச் சொன்னார்.

நடப்பதென்றால் எங்கே நடப்பது? கொட்டாஞ்சேனைத் தெருவில் வெறுங்கையோடு போனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். முடக்குத் திரும்புவதற்குள் யாராவது ஒரு வீட்டுக்குள் இழுத்து உட்காரவைத்து, சீனி போட்ட தேத்தண்ணியைக் கையில் தந்துவிடுவார்கள். ஷிம்னாதான் இராஜகிரியப் பக்கம் ஒரு பார்க் இருப்பதை விசாரித்து வந்தாள். அவளுக்கும் முழங்கால் நோவு. இருவரும் விடிந்ததும் பஸ் ஏறினார்கள்.

அங்கே பாதை மேடுபள்ளம் இல்லாமல் காட்டுமரங்களுக்கு நடுவால் போய்க் குளங்களைச் சுற்றி வந்தது. பிறிஜெற்றுக்கு எல்லாமே பஞ்சுக்குள்ளால் பார்ப்பதுபோல்தான் தெரிந்தது. அதனாலேயே ஒவ்வொன்றும் என்னவென்று அறியும் ஆசை அவளுக்குக் கூடியது. தண்ணீரில் மிதப்பது கட்டையா ஆமையா, மரத்தில் தொங்குவது வௌவாலா காய்ந்த இலையா என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு நாள் பாதையில் கிடந்த பழைய டயரைத் தாண்டக் காலைத் தூக்கினாள். டயர் எழும்பி நடந்தது. அது கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு. ஷிம்னா சிரித்துச் சிரித்துப் பாதையிலேயே குந்திவிட்டாள்.

ஒன்றை மட்டும் பிறிஜெற் கேட்கவில்லை. இரண்டாவது குளத்து வளைவில், தண்ணீருக்கு நடுவே, கறுப்பாய் ஒரு சிலுவை நின்றது. முதல் நாள் கண்டவுடன் கை தானாக நெற்றிக்குப் போனது. கொட்டாஞ்சேனையில் பஸ்ஸில் போகும்போதும் கோயிலைக் கண்டால் போடும் சிலுவை அடையாளம்தானே. பிறகு ஒவ்வொரு நாளும் அவ்விடத்தில் நின்று ஒரு பரலோக மந்திரம் சொல்வாள். ஷிம்னா தள்ளிப்போய்த் தலையைக் குனிந்து காத்திருப்பாள்.

குளத்து நடுவே சிலுவையை யார் நட்டிருப்பார்கள்? அந்தத் தண்ணீரில் யாரும் தவறிப்போனார்களா? முந்திய காலத்தில் அங்கே ஒரு சிற்றாலயம் இருந்து, குளம் பெருகி மூடியிருக்குமோ? இரவு சோறு போடும்போதும் அதே யோசனை. சில நாள் சிலுவை தெரியாது. அன்றைக்குத் தன் கண்ணைக் குற்றம் சொல்லமாட்டாள். முந்தின நாள் மீன்காரனை ஏசினோமே, அதனால்தான் மறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். மழை தூறினாலும், கால் உளைந்தாலும், இன்றைக்கு நிற்கிறதா என்று பார்க்கவே புறப்பட்டுவிடுவாள்.

ஒரு நாள் வெயில் கொஞ்சம் ஏறிவிட்டது. பிறிஜெற் பாதி மந்திரத்தில் நின்றாள். சிலுவை தலையைத் திருப்பியது. பிறகு இரண்டு கையையும் மடக்கி, தண்ணீருக்குள் பாய்ந்தது.

அவள் ஷிம்னாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“என்னக்கா? நீர்க்காகம் மீன் பிடிக்கப் போகுது.”

“நீர்க்காகமா?”

“ஓம். செட்டையக் காய வெச்சிட்டு நிக்கிற ஒண்டுதானே.”

“உனக்கு முதலே தெரியுமா? ஏன் பிள்ளை நீ சொல்லேல்ல?”

ஷிம்னா முந்தானையைச் சரிசெய்தாள். “நான் நெனச்சேன், ஒங்கட வேதத்துல அந்தப் பறவைக்கு ஏதோ மரியாதை இரிக்கி எண்டு. மத்தவங்கட வணக்கத்துல போய் ஏன் எதுக்கெண்டு கேக்கிறது சரியில்ல தானே.”

பஸ்ஸில் பிறிஜெற் யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒரு காகத்துக்கா இத்தனை நாள் மந்திரம் சொன்னேன் என்று வெட்கம் பிடுங்கியது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தலையிடி என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கிளினிக் நாளோ கிட்ட வந்துகொண்டிருந்தது. இந்தத் தரமும் சீனி கூடியிருந்தால் இன்னும் பல மாதம் தள்ளிப்போகும். தெரிந்தும் அவளுக்குக் கால் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் ஷிம்னா கதவைத் தட்டினாள். தனியாக நடந்துவிட்டு வந்திருந்தாள்.

“பாலத்துக்கிட்ட மரத்துல என்னமோ ஒண்டு தொங்குது அக்கா. கூடா, குளவியா, எனக்கு விளங்கல்ல. நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க.”

“கண் தெரியாத என்னையா கூப்பிடுறாய்?”

“கண் தெரிஞ்ச எனக்கு அது கூடு மட்டுந்தான். ஒங்களுக்கெண்டா அது என்னவாயும் இரிக்கும்.”

பிறிஜெற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன நிறம், எவ்வளவு பெரிது, அசைகிறதா என்று வாசலிலேயே நின்று கேட்கத் தொடங்கினாள். அடுத்த நாள் விடியுமுன்னமே செருப்பைப் போட்டுக்கொண்டு ஷிம்னாவின் கதவைத் தட்டியவள் அவள்தான்.

கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, என்ன செய்தீங்கள் அம்மா, நல்லா இறங்கியிருக்கே என்றார். அவள் நடந்தேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதத்துக்கு ஒப்பரேசன் நாள் குறித்தார்கள்.

நேர்ஸ் பிள்ளை கவனிக்க வேண்டியவற்றைச் சொன்னாள். குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கொஞ்ச நாளைக்குத் தைக்கவும் கூடாது. பிறிஜெற் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நடக்கலாமோ, பிள்ளை?”

“மெதுவா நடக்கலாம் அம்மா.”

வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஷிம்னாவிடம் அவள் முதலில் சொன்னது இந்தக் கடைசி வார்த்தையைத்தான். ஒப்பரேசன் நாளை இரண்டாவதாகச் சொன்னாள்.