பதினொன்றாவது சீட்டு

சீட்டு வித்தை காட்ட வேண்டுமென்றால் கையில் சாமர்த்தியம் வேண்டும், பேச்சில் ஆளை மயக்கத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் கற்றுக்கொண்ட வித்தைக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. இருபத்தொரு சீட்டை மூன்று வரிசையாகப் பரப்ப வேண்டியது. எதிரில் இருப்பவரை ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, அது எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டியது. அவர் காட்டிய வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அள்ளி, மறுபடி பரப்ப வேண்டியது. இப்படி மூன்று தடவை. பிறகு மேலிருந்து எண்ணினால் பதினொன்றாவது சீட்டு அவர் நினைத்த சீட்டாக இருக்கும். எந்த மடையனும் செய்யலாம். அதனால்தான் எனக்கும் வந்தது.

சொல்லித்தந்தவள் என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவள். சும்மா சொல்லித்தந்துவிடவில்லை. என்னிடமிருந்து இரண்டு மக்ரூன் வாங்கித் தின்று, விரலில் ஒட்டிய முந்திரித் தூளையும் நக்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நீ ஒண்ணுஞ் செய்யாண்டாம்ளா. அதுவா வந்து நிக்கும். எதுக்க இருக்கவ பொய் மட்டும் சொல்லக் கூடாது. பொய் சொன்னா அம்புட்டும் போச்சு.”

வித்தை கிடைத்தாயிற்று, கட்டு வேண்டுமே. அப்பா சங்குப் படகுக்குப் போன காலத்தில் கொண்டுபோகும் கூடை பரணில் கிடந்தது. அவர் கடலுக்குப் போவதை நிறுத்தி, மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கூடைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டுக்கட்டு இருந்தது. உப்புக் காற்றுப் பட்டு ஓரமெல்லாம் ஊதிப்போன கட்டு. அதை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா குசினியிலிருந்து அடுப்பு வேலையை விட்டு வந்தாள். கட்டைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஒரே வாரலாக வாரி எடுத்துக்கொண்டாள்.

“தபசு காலத்துல சீட்டாளா வெளையாடுத? ஆண்டவரு பாடுபடுத நேரத்துல சீட்டு கேக்குதோ ஒனக்கு? பாஸ்கு கழியட்டும், பாப்போம்.”

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு தொடங்கி, நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு வந்த வாரம் அது. கறி கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. அந்த வரிசையில் சீட்டும் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பாஸ்கு, அதாவது ஈஸ்டர் வந்தால் கறியும் சீட்டும் சேர்ந்து வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மா கட்டை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள்.

ஆனால் வித்தையைத் தெரிந்துவைத்துக்கொண்டு நாற்பது நாள் சும்மா இருப்பது லேசான காரியமா? ஞானோபதேச வகுப்பில் பரிசாகத் தரும் புனிதர் படங்கள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. உள்ளங்கை அளவுப் படங்கள். அதில் இருபத்தொன்றைப் பொறுக்கினேன். புனிதர்களை வரிசையாகப் படுக்க வைப்பதற்கு எந்தத் தபசும் தடை சொல்லாது என்பது என் எண்ணம். அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு, மாமாவிடம் போனேன்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மாமா கடலுக்கடியில் இறங்கிச் சங்கு எடுக்கிறவர். முத்துக் குளித்த காலத்திலிருந்து எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவனுடைய மச்சானாக, மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். எவனும் தன் தங்கையின் தாலியை நழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. இப்போது கயிறு போய்க் குழாய் வந்துவிட்டது. படகில் எஞ்சினோடு பெல்ட்டு மாட்டிய கம்ப்ரசர் ஓடும், காற்று குழாய் வழியாகக் கீழே போகும், மூச்சு அதில்தான். ஆனாலும் குழாயைப் பிடிப்பது மச்சான்தான். மாமாவின் குழாயை எங்கள் அப்பா பிடித்தார்.

முந்தின மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் மாமா ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்துவிட்டார். அப்படி வரக் கூடாது. மெதுவாக, நின்று நின்றுதான் ஏற வேண்டும். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே விழுந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் மாமா ஒரே பதிலைத்தான் சொன்னார். பெல்ட்டு நல்லாத்தான் ஓடிச்சு, காத்தும் வந்துச்சு, நாந்தான் என்னத்தையோ கண்டு பயந்து கிறுக்கன் மாதிரி ஏறிட்டேன். அதைச் சொல்லி முடித்ததும் வீட்டுக்கு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். அத்தையிடம் கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

அப்பா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதில்லை. மீன் வாங்கினால் பாதி அங்கே போகும். மருந்து, மண்ணெண்ணெய், லாரித் தண்ணீர் எல்லாம் அப்பாதான். ஆனால் வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அத்தை உள்ளேயிருந்து, “அண்ணே, உள்ள வந்து ஒரு எட்டு அவியளப் பாத்துட்டுப் போங்களேன்” என்று கெஞ்சுவாள். “வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். பெரியவர்களுக்குள் ஏதோ சண்டை என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் தெருவில் மீன் பங்குக்கே வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு.

மாமாவின் முதுகைப் பார்த்து, “ஒரு படத்த நெனச்சுக்கிடுங்க மாமா” என்றேன். அசைவில்லை. படங்களைக் கட்டில் ஓரத்தில் அவர் கண்ணுக்கு முன்னால், சுவரோடு ஒட்டிக் கிடந்த இடத்திலேயே பரப்பினேன். நான் போவதாக இல்லை என்று தெரிந்ததும் விரலால் ஒரு வரிசையைத் தொட்டார். அள்ளினேன், பரப்பினேன், மறுபடி தொட்டார். மூன்றாவது தடவை முடிந்து, எண்ணி எடுத்து, அந்தோணியார் படத்தை நீட்டினேன்.

மாமா அதை வாங்கிப் பார்த்தார். “அந்தோணியாருதான். ஆனா நான் நெனச்சது கையில குழந்தை இல்லாத அந்தோணியாரு” என்றார்.

என் டப்பாவில் அந்தோணியார் மூன்று பேர் இருந்தார்கள். எண்ணியதில் ஒன்று தவறியிருந்தேன். அத்தை குசினியிலிருந்து ஓடி வந்து நிலையில் நின்றாள். அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. எனக்கோ வித்தை பிசகியதில் அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு பள்ளி விட்டதும் நேரே அங்கேதான். மாமா முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார ஆரம்பித்தார். மடியில் ஒரு பலகை. ஒரு வாரத்தில் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டு அவரே எனக்கு வித்தை காட்டினார். கடலடியில் மணலைத் தடவிச் சங்கு எடுத்த விரல்கள், படங்களை வைக்கிற சுத்தமே தனி. தபசு முழுக்க அவர் ஒரு தடவை கூடப் பிசகவில்லை. நான்தான் பிசகிக்கொண்டே இருந்தேன்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து, ஒரு நாள் அத்தை எங்கள் வீட்டுக் குசினியில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“ஒருத்தரு சுவரப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு. ஒருத்தரு வாசப்படியோட திரும்புதாரு. நடுவுல நான் எம்புட்டு நாளைக்கு மைனி கெடந்து சாவ? பாஸ்கு கழியவும் இவியள அவிய அம்மா வீட்டுக்கு, வேம்பாத்துக்கே கூட்டிட்டுப் போயிருதேன். பெட்டியெல்லாம் அடுக்கிட்டேன். பொறவு அண்ணன் மொகத்துல முழிக்க மாட்டேன், அண்ணனும் எம் மொகத்துல முழிக்காண்டாம்.”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அப்பாவுக்குத் தங்கை இல்லாமல் போகும் என்பதெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை. நேரே மாமாவிடம் ஓடி, “நீங்க வேம்பாத்துக்குப் போயிட்டா நான் யாருக்கு வித்தை காட்ட?” என்று கேட்டேன். அத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. படங்களை ஒன்றுசேர்த்துத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார்.

“படம் போதும்ளா. உங்கப்பா படகுக்குக் கொண்டுவார சீட்டுக்கட்டு வீட்டுல இருக்கும்லா? பாஸ்கு அன்னைக்கு அத எடுத்துட்டு வா.”

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் கட்டைக் கேட்டேன். தபசுதான் முடிந்துவிட்டதே. அம்மா வேறு சாக்குத் தேடினாள், கிடைக்கவில்லை. மாமா கேட்டதாகச் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு நாற்காலி போட்டு ஏறி, கட்டை எடுத்துத் தந்தாள்.

மாமா அதைக் கையில் வாங்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பா வழக்கம்போல வந்தார். புதுச் சட்டை, கையில் ஆட்டுக்கறிக் குழம்புத் தூக்குச்சட்டி. படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் கட்டைப் பார்த்தார்.

“மச்சான், ஒரு சீட்ட நெனச்சுக்கிடுங்க. என்ன சீட்டுன்னு எங்கிட்ட சொல்லாண்டாம். எந்த வரிசைன்னு மட்டும் சொன்னாப் போதும்” என்றார் மாமா. சீட்டுகளைப் பரப்பத் தொடங்கினார்.

அப்பா படியிலேயே நின்றார். அங்கிருந்து பார்த்தால் எந்தச் சீட்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாது. “உள்ள வந்தாத்தாம்பா தெரியும்” என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அத்தை குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். விரலால் ஒரு வரிசையைக் காட்டினார்.

மாமா அள்ளி மறுபடி பரப்பினார். “இப்ப?”

“நடுவுல” என்றார் அப்பா.

மறுபடி அள்ளல், மறுபடி பரப்பல். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “இப்ப மச்சான்?”

“கடைசி வரிச, மாப்ள.”

மாமா கடைசி வரிசையை எடுத்தார். அதை நடுவில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, பிழையாகப் போயிற்றே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எண்ணத் தொடங்கிவிட்டார். பதினொன்றாவதைத் திருப்பிப் போட்டார். கிளாவர் ஒன்பது.

“இதுவா மச்சான்?”

அப்பா சீட்டைப் பார்த்தார். பிறகு மாமா முகத்தைப் பார்த்தார்.

“இதேதான் மாப்ள.”

நான் எம்பிக் குதித்துக் கைதட்டினேன். அப்பா குனிந்து மாமாவின் கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் அப்பா அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தக் கால்களுக்கு உணர்ச்சி கிடையாது. மாமா கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கையை அப்பாவின் தலைமேல் வைத்தார். ஒரு சீட்டைச் சரியாக எடுத்ததற்கு ஒரு பெரிய மனுஷன் இப்படி அழுவாரா என்று எனக்கு வியப்பாக இருந்தது, வித்தையின்மேல் மரியாதையும் கூடியது. சாயங்காலம் அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் எடுத்துப் போட்டாள். வேம்பாறு பேச்சு அதோடு நின்றது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நான் குருவையே மிஞ்சிவிட்ட கர்வத்தில் போனேன். வரிசையை நடுவில் வைக்க வேண்டியதில்லை, மேலே வைத்தாலும் சீட்டு வரும், என் மாமா செய்து நான் கண்ணால் பார்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் அடித்துப் பேசினேன். செய்து காட்டு என்றார்கள். செய்தேன். வரவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஒருமுறை கூட வரவில்லை. மக்ரூன் தின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு மட்டும் எப்படிப் பலித்தது என்று எத்தனையோ நாள் யோசித்தேன். மாமாவிடம் கேட்டதற்கு, “பலிக்கணும்னு இருந்தா பலிக்கும்ளா” என்று சொல்லிவிட்டார்.

கல்லூரி முடித்த பிறகுதான் அத்தை ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்று படகில் பெல்ட்டு கழன்றிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கீழே காற்று நின்று மாமா குழாயை இழுத்திருக்கிறார், திரும்பத் திரும்ப. அப்பா குழாயைக் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டு, கையில் சீட்டு வைத்திருந்தார். நல்ல கை வந்திருந்ததாம். அலைதான் இழுக்கிறது என்று நினைத்து, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும் என்று இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மாமா, பெல்ட்டு நல்லாத்தான் ஓடிச்சு என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னபோது அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாமா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அப்பா அந்த வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே வந்திருப்பார் என்று அத்தை சொன்னாள்.

எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் எல்லாம் போச்சு என்றுதான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். மாமா சொன்ன பொய் அப்பாவுக்குத் தெரியும். அப்பா அன்றைக்குச் சொன்ன பொய் மாமாவுக்குத் தெரியும். நடுவில் நின்ற நான்தான், சீட்டு சரியாக வந்துவிட்டது என்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.