தட்டிப் பார்த்து வாங்கிய கார்

சைலன்சரை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினால் போதும். உள்ளே கல் இருக்கிறதா, போய்விட்டதா என்று கொக்கி சொல்லிவிடுவார். ‘டொக்’ என்றால் முழுசாக இருக்கிறது. ‘டங்’ என்றால் எவனோ உருவிவிட்டான். ‘டொக்’குக்குள் லேசாகச் சலசலப்பு கேட்டால் கல் தூளாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஆறு மாதம்தான். இருபத்து மூன்று வருடமாகச் சைலன்சர் வெட்டி, வெல்டிங்கில் பத்தவைக்கிற கை அது.

கல் என்பது பட்டறைப் பேச்சு. காருக்கு அடியில், புகைக்குழாயின் நடுவே ஒரு தகரக் கூடு இருக்கும். அதற்குள் தேன்கூடு மாதிரி கண்கண்ணாக ஒன்று. எஞ்சின் கக்குகிற நச்சுப்புகை அதில் நுழைந்து கொஞ்சம் சாதுவாகி வெளியே வரும். அதுதான் கல்.

கொக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பத்தவைத்து முடிக்கிற இடத்தில் மற்றவர்கள் சட்டென்று கையை எடுத்துவிடுவார்கள். இவர் மட்டும் வந்த வழியிலேயே ஒரு நெல்லளவு திரும்பி, கொக்கி மாதிரி வளைத்து நிறுத்துவார். அப்படி நிறுத்தினால் அந்த முனையில் விரிசல் விடாது. வேறு பட்டறைக்காரன் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பெயர் கையிலிருந்து ஆளுக்கு வந்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. மூக்கு நீண்டு, முதுகு குறுகி, இரண்டே பேர் உட்காருகிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பத்து வருடம் ஆயிற்று. ஆனாலும் தெருக்கோடியில் ஒன்று போனால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்.

“அந்தக் காரைப் பாத்தா உங்க மூஞ்சியில வர்ற சிரிப்ப நம்ம கல்யாண ஆல்பத்துல தேடிட்டிருக்கேன், இன்னும் கிடைக்கல” என்பாள் அவர் மனைவி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை அவளுக்கு. நாளெல்லாம் நீராவியில் நின்று வந்த பிறகும் வாய் மட்டும் சோராது.

கடைசியில் அவளேதான் ஒரு நாள் சொன்னாள். “போய் வாங்கித் தொலைங்க. நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல அதுக்குள்ள குனிஞ்சு உக்கார இடுப்பு இடம் கொடுக்காது.”

விற்க வந்தவர் ஒரு பல் டாக்டர். நீல நிறக் கார். பின்னால் இரண்டு தடித்த குழாய்கள், வெளியே வாங்கி மாட்டியவை. சாவியைத் திருப்பியதும் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொக்கி கண்ணை மூடி அதைக் கேட்டார். ஆனால் வாயில் தொழில்தான் வந்தது.

“சார், இந்தச் சத்தத்தோட ரோட்ல இறங்கினா ரெண்டாவது சிக்னல் தாண்ட மாட்டோம்.”

“அதுக்குத்தான் ஒரிஜினல் இருக்கே. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் பத்திரமா கழட்டிக் கொடுத்தாரு. நான் மாட்டினதே இல்ல. பாருங்க, நம்பர்கூட அழியல.”

புதுச் சட்டம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய காரை வாங்குகிறவர் முப்பது நாளுக்குள் புகைச் சோதனையில் தேற வேண்டும். கம்பெனி சைலன்சர்தான் இருக்க வேண்டும், அதில் உள்ள நம்பரும் வண்டி நம்பரும் பொருந்த வேண்டும். தேறாத வண்டியைத் திருப்பி விற்கவும் முடியாது. நேராக நசுக்கும் யார்டுக்குப் போகும்.

டாக்டர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், சுற்றி வைத்திருந்த போர்வையைப் பிரித்து, கொக்கி அந்தப் பழைய சைலன்சரைத் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருந்தது. நம்பர் பொருந்தியது. காதைக் கிட்டே கொண்டுபோய் இரண்டு தட்டு.

டொக். டொக்.

“முழுசா இருக்கு சார்” என்றார். மறுநாளே கார் பட்டறைக்கு வந்துவிட்டது. தடித்த குழாய்களைக் கழற்றிப் பழையதை மாட்ட ஒரு காலை போதுமானதாக இருந்தது. கூடவே வேலை செய்கிற மச்சான், அவர் மனைவியின் தம்பி, நட்டை முறுக்கிக்கொண்டே கேலி பண்ணினான். “மாமா, மாலை எதாவது வாங்கிட்டு வரட்டா? அப்படியே அக்கா பக்கத்துல இதையும் நிக்க வச்சிடலாம்.”

சோதனை நிலையத்தில் இருந்த அதிகாரி அம்மாவுக்குக் கொக்கியை நன்றாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு வண்டி கொண்டுவருகிற ஆள்.

“என்ன சார், இன்னைக்குச் சொந்த வண்டியா? முகத்திலேயே தெரியுது.”

குழாய்க்குள் புகையை அளக்கிற கம்பியை விட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டார்கள். திரையில் எண்கள் ஏறின, ஏறின, இறங்கவே இல்லை. அவள் கம்பியைத் துடைத்து மறுபடி விட்டாள். அதே கதை.

“கல்லே இல்லன்னு காட்டுது சார்.”

கொக்கி சிரித்தார். “மேடம், நான் தட்டிப் பாத்து வாங்கினது.”

அவள் வாதாடவில்லை. நுனியில் சின்ன கேமரா வைத்த ஒயரை உள்ளே செலுத்தித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். தேன்கூடு இருக்க வேண்டிய இடத்தில் நேராக ஒரு இரும்புக் குழாய். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

“வெளிய கூடு ஒரிஜினல். உள்ள எடுத்துட்டுக் குழாய் வச்சிருக்காங்க. சுத்தி எதையோ அடைச்சிருக்கணும், அதான் தட்டினா தெரியல. யாரோ ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்து இன்னும் மெதுவாகச் சொன்னாள். “ஒரு வழி இருக்கு சார். இதை எடுத்தவர் யாருன்னு கண்டுபிடிச்சு, அவர் வந்து எழுதிக் கொடுத்தா, வேற கல் தேட உங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் கிடைக்கும். அவரோட பட்டறை லைசென்ஸ் போயிடும், அது அவர் தலையெழுத்து.”

“அந்தப் பயலக் கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன் மேடம்” என்றார் கொக்கி.

பட்டறைக்கு வந்ததும் சைலன்சரை இறக்கி மேசையில் போட்டார்கள். வெளியே பத்தவைத்த தையல் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் மச்சானுக்குத் தோன்றியது, கூட்டின் மேல் வெப்பம் தாக்காமல் இருக்க ஒரு தகடு கவிழ்த்திருக்குமே, அதற்கு அடியில் பார்க்கலாம் என்று. ஆணிகளைத் தட்டித் தகட்டைப் பெயர்த்தான். துணியால் கரியைத் துடைத்தான். துடைத்த கை நின்றுவிட்டது.

“மாமா.”

“என்னடா?”

“நீங்களே வந்து பாருங்க.”

தகட்டின் மடிப்புக்குள்ளே ஒளிந்து, நூல் பிடித்த மாதிரி ஒரு பத்தவைப்பு ஓடியது. ஓடி முடிந்த இடத்தில், வந்த வழியிலேயே ஒரு நெல்லளவு திரும்பி, ஒரு கொக்கி.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் காலத்தில் வண்டி வராது, சைலன்சர் மட்டும்தான் வரும். போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவருவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள். தினமும் ஓட்டச் சத்தமான குழாய் வேண்டும், போலீஸ் கூப்பிட்டால் காட்டக் கம்பெனி சைலன்சர் வேண்டும், ஆனால் அதிலும் வேகம் குறையக் கூடாது. அப்போது கண்ணால் பார்ப்பதும் நம்பரைப் படிப்பதும்தான் சோதனை. கொக்கிக்கு இருபத்தைந்து வயது. கல்லைக் கடப்பாரையால் குத்தி உடைத்தெடுத்து, நேர்குழாய் வைத்து, சுற்றிலும் இரும்பு நாரைத் திணித்துத் திணித்துக் கனம் பார்ப்பார். தட்டினால் ‘டொக்’ என்று வருகிறவரை விடமாட்டார். கல் இருக்கும்போது வருகிற அதே ‘டொக்’. எவன் தட்டினாலும் ஏமாறுவான் என்று நண்பர்களிடம் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார். எத்தனை செய்தார்? பதினைந்து இருக்கும், இருபது இருக்கும். எந்தெந்தக் காருடையது என்று அன்றைக்குக் கேட்டதே இல்லை.

“இது ஒண்ணுதான் நம்ம கைக்குத் திரும்பி வந்திருக்கு போல” என்றான் மச்சான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்று கிரைண்டரை எடுத்து ஒழுங்காக இருந்ததையே மறுபடி ஒழுங்காக வைத்தான்.

இருபது நாள் கல் தேடினார்கள். கம்பெனியில் இல்லை. பழைய சாமான் கடைகளில் இல்லை. ஒருவன் போனில் சிரித்தான். “அந்த மாடல் கல்லா? அதையெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்க அப்பவே எடுத்து வித்துட்டாங்களே அண்ணே.”

வீட்டில், சமையலறை மேடையில் சாய்ந்து நின்று மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கேலி வரவில்லை.

“நான்தான் எடுத்தேன்னு எழுதிக் கொடுத்தா கார் ஒரு வருஷம் நிக்கும்.”

“பட்டறை?”

“போயிடும்.”

“என் தம்பி?”

மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது.

“நான் இதைப் பண்ணுங்க அதைப் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். “காரையாவது காப்பாத்துங்க, பட்டறையையாவது காப்பாத்துங்க. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இப்படிச் சாப்பிடாம மட்டும் நிக்காதீங்க.”

மறுநாள் காலை மச்சான் வருவதற்கு முன்னாலேயே கொக்கி பட்டறையைத் திறந்தார். சைலன்சர் வண்டியோடு யார்டுக்குப் போக வேண்டும், அங்கே எல்லாவற்றையும் பிரிப்பார்கள், யாராவது ஒரு பழைய பட்டறைக்காரன் கண்ணில் அந்தக் கொக்கி பட்டால் போதும். கிரைண்டரைப் பிடித்துத் தன் பழைய தையலை முழுக்கத் தேய்த்தார். பதினெட்டு வருடம் ஆகியும் ஒரு இடத்தில்கூட விட்டுக்கொடுக்காத தையல். இரண்டு டிஸ்க் தேய்ந்து தீர்ந்தது. பிறகு புதிதாகப் பத்தவைத்தார். முனை வந்தது. கை தானாகத் திரும்பப் பார்த்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று எடுத்தார், மற்ற எல்லோரையும் மாதிரி.

இருபத்தொன்பதாம் நாள் அதிகாரி அம்மா முன்னால் போய் நின்றார்.

“ஆள் கிடைச்சாரா சார்?”

“இல்ல மேடம்.”

“பத்தவச்சதைப் பாத்தா யார் கைன்னு சொல்லிடுவீங்களே நீங்க. இங்கேயே எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க.”

“இது தெரியல மேடம்.”

அவள் அவரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தாளில் முத்திரை குத்தி, யார்டு வரை ஓட்டிச் செல்ல ஒரு நாள் அனுமதி எழுதிக் கொடுத்தாள்.

தனியாகப் போகிறேன் என்றார். மனைவி கேட்கவில்லை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து நுழைய இருவருக்குமே முனகல் வந்தது. அவருடைய சொந்தக் காரில் இருவரும் சேர்ந்து போகிற முதல் பயணம் அது. ஊரைத் தாண்டி நேர்ச்சாலை வந்ததும், “ஒரு தடவ மிதிங்க” என்றாள் அவள். மிதித்தார். முதுகு சீட்டில் அழுந்தியது. எஞ்சின் தொண்டை மாறிக் கூவியது. பதினெட்டு வருடமாக வாசலில் நின்று கேட்ட அதே குரல்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குரலுக்கு அடியில் அவருக்கு மட்டும் வேறொன்று கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, பல்லிடுக்கில் காற்று இழுப்பது போல. வேகத்தைக் குறைத்தார். அது குறையவில்லை. எங்கேயிருந்து வருகிறது என்று குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

யார்டில் கிரேன் காரைத் தூக்கி நிறுத்தியது. கணக்கு எழுதுகிறவன் அடியில் புகுந்து பார்த்தான். வயதில் சின்னவன், காதில் பென்சில். சைலன்சரை முட்டியால் தட்டினான். காதைச் சாய்த்தான். பிறகு வெப்பத் தகட்டின் ஓரத்தில் கரி கசிந்து நின்ற கோட்டை விரலால் தடவி, தகட்டை நெம்பிப் பார்த்தான்.

“ஐயோ, முனையிலேயே பிளந்திருச்சு. எந்த அரைகுறைங்க இதைப் பத்தவச்சது?”

மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“தெரியலங்க” என்றார் கொக்கி.