ஏழாவது பெஞ்சில் ஒரு செருப்பு வார்

ஏரிக்கரைக் காலை நடையில் ஏழாவது பெஞ்சு வந்ததும் அந்த அம்மா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். வார் கழன்றிருக்காது. கூட நடந்து வரும் செயற்குழுத் தலைவரும் வேறு வழியில்லாமல் நிற்பார். நின்றால் எதிரே ஏரி. ஏரிக்கு அப்பால், கைக்குழந்தைகளோடு படகுக்குக் காத்திருக்கும் பெண்கள், விடிகாலைப் பனியில் கனவில் வருகிறவர்கள் மாதிரி.

அந்தக் கரைதான் அம்மாவைச் சபை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஆசுபத்திரியோ இந்தக் கரையில். நடுவே ஒரு பாலம் வேண்டும். எதைக் கட்டுவது என்று முடிவு செய்வது சபை இல்லை, செயற்குழு.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றை லாரியில் தொடங்கிப் பன்னிரண்டு லாரிக்கு முதலாளி ஆனவன். மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன். தராசு என்னிடம் தோற்கும். தினமும் இவர்கள் பின்னாலேயே நடந்தும், இந்த அம்மாவை எடைபோட எனக்கே மூன்று மாதம் பிடித்தது.

மற்ற உறுப்பினர்கள் தலைவரை அலுவலக வாசலில் மடக்கி மனுவை நீட்டுவார்கள். இவர் கையில் ஒரு காகிதம் இருக்காது. தலைவரின் முழங்கால் வலி, அவர் மகளுக்கு இது எத்தனாவது மாசம், இதுதான் பேச்சு. நடையோ அவ்வளவு மெது. ஏரிக்கரையில் அவருக்கு ஆமையம்மா என்றே பெயர்.

"சபையில எழுந்து கேக்க வேண்டியதுதானேம்மா?" என்றேன் ஒருநாள்.

"கேட்டேண்ணே. மேசையைத் தட்டினாங்க. பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு. பாலம் வரல."

"அப்ப தலைவர்கிட்டயாவது வாயைத் திறந்து கேளேன்!"

"நான் சொன்னா தலையாட்டிட்டு மறந்துடுவாருண்ணே. அவருக்கே தோணினா மறக்க மாட்டாரு."

நேற்று வேலைப் பட்டியல் முடிவாகும் நாள். பத்து மணிக்குச் செயற்குழு கூடுகிறது. இதில் விட்டால் அடுத்த பட்டியலுக்கு மூன்று ஆண்டு. அதற்குள் அம்மாவின் பதவிக்காலமே முடிந்துவிடும். நேற்றென்று பார்த்துப் பனி அடைத்துக்கொண்டது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை, ஊரே பஞ்சுப் பொதிக்குள் கிடந்தது. பின்னால் நடந்த நான் இரண்டடி நெருங்கிக்கொண்டேன்.

ஏழாவது பெஞ்சு. அம்மா குனிந்தார். அதற்குள் தலைவர் தானாகவே நின்றுவிட்டிருந்தார். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகை தண்ணீர்மேல் மிதந்து வந்தது.

"இந்தப் பனியில படகு எடுக்க மாட்டாங்களேம்மா. அந்தப் புள்ளைய எப்படிக் கொண்டு வருவாங்க?" என்றார்.

அம்மா வாரைத் தொடாமலே நிமிர்ந்தார்.