அய்யா கையெழுத்து கேட்டவர்

திருப்புல்லாணிப் பக்கம் ஒரு பள்ளியில் அந்த எழுத்தரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

நான் கொடுத்தது மலேசியக் கோர்ட் உத்தரவு. அக்காவும் அத்தானும் அங்கே பிரிந்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை அக்கா அந்த நாட்டைவிட்டு நகரக் கூடாது. அவள் மகள் என் பொறுப்பில் எங்கள் வீட்டிலிருந்து படிக்கலாம். ஆனால் பள்ளியில் சேர்ந்த சான்றிதழ் மறுநாளைக்குள் அக்கா வழியாகக் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், பிள்ளை அத்தானிடம் போய்விடும். ஐம்பது வயது எனக்கு. பிள்ளைதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, அய்யா..." என்றேன்.

"நான் அய்யா இல்லப்பா. பிள்ளையப் பெத்த அய்யா கையெழுத்தத்தான் கேக்குறேன்."

"அவுக போட மாட்டாக. நான் தாய்மாமன்."

"பேப்பர்ல அங்கிள்னுல்ல கெடக்கு. அங்கிள்னா ஊருல அம்புட்டுப் பேருந்தான்."

அவர் பிள்ளை பக்கம் குனிந்தார்.

"ஏத்தா, ஒனக்குக் காது குத்துறப்ப யாரு மடியில உக்காந்திருந்த?"

"மாமா மடியில. என்னையவிட மாமாதான் ரொம்ப அழுதுச்சு."

எழுத்தர் சிரிக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் 'தாய்மாமன்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

சான்றிதழ் அன்றே அக்காவுக்குப் போய்விட்டது. எந்த விதிப்படி சேர்த்தார் என்பது எனக்கு இன்னும் தெரியாது. கேட்கலாம்தான், கேட்டால் அவருக்கும் சந்தேகம் வந்துவிடுமே. பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டால் கும்பிட்டுவிட்டு, வராத பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுகிறேன்.